இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில்

அடியே உத்தனப்பள்ளிக்காரி,

இன்று காலை ஒரு மின்னஞ்சலைப் பாதி எழுதி நிறுத்திவிட்டு, மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தேன். அடியில் அந்த நீல நெட்வொர்க் கேபிள் கிடந்தது. முழ நீளம்கூட இல்லை. ஒரு முனையில் நீ வைத்த குங்குமம் இன்னும் லேசாகச் சிவந்திருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குங்குமம் போகவில்லை பார்.

ஓசூர் தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவு, உனக்கு ஸ்டோர்ஸ். அப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்ளும் பழைய ஹப் பெட்டியில்தான் ஓடின. டிசைன் பிரிவில் ஒரு வரைபடத்தைத் திறந்தால் உன் பில் அப்படியே நின்றுவிடும். "டீ குடிச்சிட்டு வந்தாலும் இது அங்கியே நிக்குதுடி" என்று என் உயிரை எடுப்பாய். ஹப்பைக் கழற்றி ஸ்விட்ச் என்ற புதுப் பெட்டியை மாட்டினால் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டாம், வேகமும் பத்து மடங்கு என்று மேனேஜரை மூன்று மாதம் நச்சரித்தேன். சரி என்றவர், "ஆனா ஓடலன்னா, உங்கள நிரந்தரம் பண்றதப் பத்தி யோசிக்கணும்மா" என்றும் சொன்னார்.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மாட்டி முடித்தேன். உன் பில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. நிம்மதியாகத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

விடுமுறை முடிந்து வந்தால் ஒரு கம்ப்யூட்டரும் அசையவில்லை. பில் இல்லாமல் லாரி எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. டிரைவர் கேட்டில் நின்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். "பழைய ஹப்பையே மாட்டுங்க" என்றார் மேனேஜர். நான் ஸ்விட்ச் பக்கம் ஓடினேன். ஸ்விட்சில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்திச் சரம். எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடத்தன. பூவை விலக்கினால், இந்தக் கேபிளின் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில். போன செய்தியே சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்திருந்தது. பிடுங்கினேன். உன் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

"யார் செஞ்சது இது?"

"தெரியல சார்" என்று வாயெடுத்தேன். உன் கைவேலை என்று எனக்குத் தெரியாதா? எதுவும் தொங்கினால் பொறுக்காதவள் நீ.

"நான்தான் சார். பூஜைக்குத் துடைச்சேன். ஒரு முனை சும்மா தொங்கிச்சு, பாக்க நல்லால்ல. பக்கத்துல ஓட்ட காலியா இருந்திச்சு, சொருகிட்டேன்."

சோதித்துப் பார்க்க மாட்டிய கேபிளைக் கழற்றாமல் தொங்கவிட்டுப் போனது நான். அதை நான் சொல்லவில்லை.

நீயும் அப்போது கான்ட்ராக்டில்தான் இருந்தாய். அந்த மாதமே எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது; உனக்கு இன்னும் ஒரு வருடம் இழுத்தார்கள். மூக்கண்டப்பள்ளி பஸ்ஸில் உன்னிடம் சண்டைக்கே வந்தேன், ஏன் வாயைத் திறந்தாய் என்று.

"நான் பேசலன்னா உனக்கு வேல தெரியலன்னு ஆயிருக்கும். அது பொய்தானே?" என்றாய். பிறகு டிபன் டப்பாவைத் திறந்து பூஜைப் பொரியை என் கையில் கொட்டினாய். அழுகையும் சிரிப்புமாகத் தின்றேன். போடி, இன்னும் உன்மேல் கோபம்தான் எனக்கு.

நேற்று என் கை தவறி, இங்கே ஒரு மாடி முழுக்க நெட்வொர்க் நின்றுபோனது. மேலிடத்துக்குத் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினால் ஒருவருக்கும் தெரியாது. காலையில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கேபிளைப் பார்த்த பிறகு முழுவதையும் அழித்தேன். "தவறு என்னுடையது. மாட்டியதைச் சரிபார்க்காமல் போய்விட்டேன்" என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்னும் பதில் வரவில்லை. கேபிளை இழுப்பறையில் திரும்பப் போடவில்லை, கைக்குள்தான் வைத்திருக்கிறேன்.