உம்மாவின் பகல் நேர மருந்து

அன்பு மகள் இன்ஷிராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் நாங்கள் இருக்கிறோம், நீங்களும் மருமகனும் நோர்வேக் குளிரில் நோன்பை நல்லபடி பிடிக்க துஆ செய்கிறேன், சஹருக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். தம்பி அன்ஸாரின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தொலைபேசியில் பேசினால் உம்மா பக்கத்திலேயே இருப்பதால் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

முந்தாநாள் திரையில் உம்மா உதறிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, புற்றுநோய் முற்றிவிட்டதென்று அழுதீர்கள். அது நோயல்ல மகள், என் வேலை. முதுகெலும்பு வலிக்கு நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மோர்பின் பாணி மருந்து கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். உம்மா நோன்பு பிடிப்பேன் என்றார். நோயாளிக்குக் கடமையில்லை என்று தெரிந்தும் நான் மறுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அளவு இரண்டு தடவை கூடியதில் எனக்குப் பயம், போதைத்தூள் குடிக்கிறவர்களைப் போல ஆகிவிடுவாரோ என்று. பகலில் விட்டால் குறையும் என்று அட்டவணை போட்டுப் பகல் மருந்தை நிறுத்தினேன். இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குள் ஓயாத கொட்டாவி, மூக்கால் தண்ணீர், மயிர்க்கூச்சம், வயிற்றுப் பிடிப்பு, கால் உதறல். நோன்பு திறந்ததும் விட்டதற்குச் சேர்த்து இரண்டளவைக் கரண்டியில் ஊற்றினேன், ஆனாலும் கொடுக்கத் துணியாமல் உம்மாவைப் பார்க்கும் டொக்டர் சுஹைராவுக்குக் கோல் எடுத்தேன். "ஒண்டாக் குடுத்திடாதீங்க, மூச்சு நிண்டிரும்" என்று கத்தினார். அந்தக் கரண்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவர் விளக்கியது இது. மருந்து நாட்பட்டால் அது ஒட்டும் மூளை வாங்கிகள் மரத்துப்போகும், அதனால்தான் அளவு கூடியது. மருந்து அடக்கும் நரம்புக்கலங்களும் அதை ஈடுசெய்யத் தங்களை உசுப்பிப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் அடக்க ஆளில்லை, உசுப்பல் மட்டும் மிஞ்சி நோரட்ரினலின் என்ற சுரப்பு பெருகும். உம்மாவை உதறவைத்தது அதுதான். உடம்பு பழகுவது வேறு, போதைக்கு அலைவது வேறு என்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் கடல்மட்டம் அளந்து குறித்த எனக்கு, இதைக் கேட்டறியத் தோன்றவில்லை.

டொக்டர் சொன்ன அளவில் பகலிலும் மறுபடி கொடுக்கிறேன், நேற்று உம்மா கஞ்சி குடித்தார். ஆனால் "அல்லாஹ் என்ட நோன்ப ஏத்துக்கல்ல, அதான் இப்பிடி ஆக்கினான்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். தன் இறைவனே தன்னைத் தள்ளிவிட்டான் என்று ஒரு மனுசி நம்புகிறார், உண்மை தெரிந்த நான் பக்கத்தில் கதிரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். மூன்று தடவை சொல்லத் தொடங்கி மூன்று தடவையும் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழும்பி வந்தேன்.

இன்று லுஹர் தொழுதுவிட்டு உம்மாவிடம் சொல்லப் போகிறேன். உங்களுக்கு முதலில் எழுதுவது, பின்வாங்க எனக்கு வழியிருக்கக் கூடாது என்றுதான். டிக்கற்றை மாற்ற வேண்டாம், பெருநாளுக்கே வாருங்கள். அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. பின்னேரம் கோல் எடுக்கும்போது என்னிடம் கேட்க வேண்டாம், வாப்பா சொன்னாரா என்று உம்மாவிடம் கேளுங்கள். இல்லை என்றால், நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வாப்பா,
ஜமால்தீன்