ஆவணியில் மிளகு பறிப்பவள்

தேவதர்ஷினி அப்பாவுக்கு உங்கள் தைலம்மாள் எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும் மகளும் மாடும் கன்றும் சுகமா? போனில் பேசினால் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மகள் கடைசிவரை படித்துவிடுவாள். எழுத்துப் பிழைக்குச் சிரிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் படித்த இரண்டாம் வகுப்புக்கு இதுவே ஜாஸ்தி.

இந்த மனநல ஆஸ்பத்திரி நீங்கள் கொண்டுவந்து விட்டபோது இருந்த மாதிரி இல்லை. பச்சைக் கவுனும் ஒட்ட வெட்டிய தலையும் போய்விட்டது. அவரவர் புடவையைக் கட்டிக்கொள்கிறோம். முடி தோளைத் தாண்டிவிட்டது. வார்டில் கண்ணாடிகூட மாட்டியிருக்கிறார்கள். முதல் நாள் அதில் பார்த்து, உங்கள் அக்காதான் சண்டைக்கு வந்து நிற்கிறாள் என்று பயந்துவிட்டேன்.

பொழுது சாய்ந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். பரண்மேல் நின்று மக்காச்சோளக் கொல்லையில் பன்றி விரட்டிய தொண்டை. இங்கேயும் அந்த நேரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூவிவிடுவேன். வியாதி ஏறிவிட்டது என்று ஊசி போட்டுவிடுவார்கள். அப்புறம் எல்லாம் பஞ்சுக்குள் நடப்பது மாதிரி. நம் மலை மேகம் சன்னல் வழியாக வந்து கட்டிலுக்குக் கட்டில் படுத்துக்கொள்ளும்.

சங்கராபுரத்துப் பக்கமிருந்து உபகாரமேரி என்று ஒரு நர்ஸ் வந்தாள். அவள் ஊசியை எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இன்னாக்கா, யாரத் தொரத்திக்கினு இருக்கீங்க என்று கேட்டாள். பன்றியை என்றேன். ஓடிச்சா என்றாள். அதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. டாக்டரிடமும் அவளே பேசினாள். இப்போது சாயங்காலம் எங்களைத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். நான் கூவினால் பன்றியே பார்க்காத டவுன்காரிகளும் கூவுகிறார்கள். வாயே திறக்காத பக்கத்துக் கட்டில் ஜெஸிகூட. மதிலுக்கு மேலே மேகம் மலை மாதிரி நிற்கும். அதில் நம் கொல்லை தெரியும். பரண்மேல் நீங்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதும் தெரியும்.

எனக்கு வந்த வியாதி பொய் இல்லை. மாத்திரையை விடாமல் போடுகிறேன், இனியும் போடுவேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் ஆடியிலேயே சொல்லிவிட்டார். கூட்டிப்போக ஆள்தான் வரவில்லை. நான் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பதாக ஊரில் சொல்லியிருக்கிறீர்களாம். ஆவணியில் எந்த ஊரில் மிளகு பறிக்கிறார்கள்? பொய்யையாவது பருவம் பார்த்துச் சொல்லக் கூடாதா? போனவர்கள் எல்லாரும் சித்திரையிலேயே திரும்பிவிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் இன்னும் பறித்துக்கொண்டே இருக்கிறேனா?

இவ்வளவு தூரம் வரக் கூச்சமாக இருந்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள். அதுவரை உபகாரமேரி கொண்டுவந்து விடுகிறாளாம். உங்கள் பேச்சு கெடக் கூடாது என்றால், கடையில் ஒரு படி மிளகு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு மலையேறுகிறேன்.

கதிர் பால் பிடித்திருக்கும். கொல்லைக்கு இரண்டு பக்கமும் குரல் வேண்டும் என்று சொல்வீர்களே. மலையிறங்கி வரும் தைரியத்தைக் காளியம்மா உங்களுக்குக் கொடுக்கட்டும். அதுவரை பரணில் எனக்கு இடம் விட்டுப் படுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தைலம்மாள்