முப்பத்தொன்றாம் பக்கம்

அந்துருண்டை வாசனை எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்து நாலு வருடம் எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவனுக்கு மூக்குதான் பிழைப்பு. பக்கத்தில் யாராவது பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டரை உதறினாலே அன்றைய தேயிலை எனக்குப் பிடிபடாது. போன வாரம் உங்கள் மகள் கலா ஒரு பையை என் மேசைமேல் வைத்தபோது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே அது உங்கள் இரும்புப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. "அப்பா சாமானெல்லாம் ஒதுக்கறப்ப கெடச்சுதுங்க மாமா. மேல உங்க பேரு போட்டிருந்துச்சு" என்றாள். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. குன்னூரில் மழை பிடித்து ஒன்பது நாள். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

பைக்குள் என் அப்பிச்சியின் பட்டாளக் காகிதங்கள். நீங்களே ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்டு, பச்சை டேக் கோத்து வைத்திருந்த ஃபைல். "எங்கிட்டயே இருக்கட்டுமுங்க, உங்க ஊட்டுல ஈரம் புடிச்சுரும்" என்று இத்தனை வருடம் என் கைக்கே தராமல் வைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் ஈரம் இல்லையா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. புத்தி அவ்வளவுதான்.

நாம் இதைத் தேடக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறது. ஒரே எஸ்டேட்டிலிருந்து ஒரே நாளில் கைநாட்டு வைத்துப் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா; இன்னொருவர் உங்கள் அம்மாவின் அப்பா. இரண்டாம் உலகப் போர் சமயம், பர்மா எல்லையில் ரோடு போடுகிற வேலை. என்னுடையவர் மெடலோடு திரும்பி வந்தார். உங்களுடையவர் வரவில்லை. ஒரு கடிதாசிகூட வரவில்லை. உங்கள் அம்மா அதைப் பற்றிப் பேசும்போது அழமாட்டார்கள். "உசுரோட வேண்டாஞ் சாமி, என்னிக்குப் போனாருன்னு தெரிஞ்சாப் போதும். ஒரு இலை போட்டுக் கும்புட்டுக்குவேன்" என்பார்கள்.

என் அப்பிச்சி பட்டாளத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை. சின்ன வயதில் நான் பார்த்த ஒன்று மட்டும் உண்டு. லைன் வீடுகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் உங்கள் அம்மா கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தால், அவர் சட்டென்று தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிடுவார். அவர்கள் கடந்து போகும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அட்டை கடிக்கும் என்று நான் கத்துவேன். அவர் திரும்பமாட்டார்.

நீங்கள் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. இங்கிலீஷ் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ அது தேயிலை ரகங்களின் பெயரோடு முடிந்துபோகும். "நம்ம அப்பிச்சிங்க ரெண்டு பேரையும் ஒண்ணாவே புடிச்சுப் போடலாமுங்க" என்று சிரித்துக்கொண்டே, பட்டாள ரெக்கார்டு ஆபீஸுக்கு என் பெயரில், உங்கள் விலாசம் போட்டு மனு எழுதினீர்கள். எட்டு மாதம் கழித்துக் கனமான கவர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து வராண்டாவிலேயே நின்றீர்கள்.

"உங்க அப்பிச்சி மெடலு நெசந்தானுங்க. நாயக் ரேங்க்குல இருந்திருக்காரு."

"உங்க அப்பிச்சி?"

"காய்ச்சல்ல போயிட்டாராமுங்க. உங்க காயிதத்துல ஒரு ஓரமா நாள் போட்டிருக்குது. அது போதுமுங்க."

அதற்குப் பிறகு நீங்கள் என் வீட்டு ஹாலுக்குள் வந்ததே இல்லை. அங்கேதான் என் அப்பிச்சி மெடல் குத்திய படம் மாட்டியிருக்கிறது. ஜூலைக் குளிரில் பல் கிட்டித்தாலும், "காத்தாட இருக்கட்டுமுங்க" என்று வராண்டா நாற்காலியிலேயே உட்காருவீர்கள். குன்னூரில் ஜூலையில் காற்று வாங்குகிற ஆளைப் பார் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் டீயைக் குடித்துவிட்டுப் பேச்சை மாற்றுவீர்கள்.

அந்த ஆடியிலிருந்து உங்கள் வீட்டில், காகிதத்தில் கண்ட அந்த நாளில் படையல். வருடம் தவறாமல் எனக்கு முதல் வரிசையில் இலை. உங்கள் அம்மா தன் கையாலேயே பரிமாறி, "உங்க அப்பிச்சி காயிதத்துலதான் எங்கய்யன் நாள் கெடச்சுது. நீ மவராசனா இருக்கோணும்" என்பார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பாயசம் வாங்கிக்கொள்வேன். அவர்கள் போய்ச் சேரும்வரை அவர்களே பரிமாறினார்கள்; அப்புறமும் படையல் நிற்கவில்லை.

போன வாரம்தான் ஃபைலை முதன்முதலாகத் தாள் தாளாகப் புரட்டினேன். முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு. நடுவில் ஒரு சீட்டு. 'பக்கம் 31, என் வசம்' என்று எழுதி, கீழே உங்கள் சுருக்கொப்பம். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தால் அந்த இடத்தில் சீட்டு வைக்காமல் உங்களுக்குக் கை வராது. மறைக்கத் தெரியாத மனிதர் மறைக்கக் கிளம்பினால் இப்படித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சீட்டை இன்னொரு தடவை படித்தேன்.

கலாவுக்குப் போன் போட்டேன். உங்கள் பென்ஷன் காகிதங்களுக்கு அடியில் ஒட்டிய கவர் ஒன்று இருந்தது, மேலே வெறும் 31 என்று. மழையோடு மழையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா ஒட்டுனத நான் பிரிக்கலீங்க மாமா. என்னங்க அது?" என்றாள்.

"பழைய ரசீது கண்ணு" என்றேன். யோசிக்காமலே வந்தது அந்தப் பொய். அது எங்கிருந்து வந்தது என்று கவரைப் பிரித்துப் படித்த பிறகு எனக்குத் தெரிந்துபோயிற்று.

அகராதியை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்று நாள் படித்தேன். முகாமை விட்டு இருவரும் காணாமல் போயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பிடிபட்டிருக்கிறார்கள். விசாரணையில் உங்கள் அப்பிச்சி சொன்னது: "ரெண்டு பேரும் சேர்ந்துதான் கிளம்பினோம். ஊருக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது அவன்." என் அப்பிச்சி சொன்னது: "நான் ஓடவில்லை. அவன்தான் ஓடினான். அவனைப் பிடித்து வரத்தான் பின்னால் போனேன்." கீழே அவருடைய கைநாட்டு, இத்தனை வருடம் கழித்தும் ரேகை தெரிகிறது. என் அப்பிச்சிக்கு அடுத்த மாதமே நாயக் பதவி. உங்கள் அப்பிச்சிக்குச் சிறை. கடைசியில் வேறு மையில் ஒரு வரி: காவலில் காய்ச்சல், இறந்த தேதி. உங்கள் வீட்டுப் படையல் தேதி.

இரண்டில் எது உண்மை என்று அந்தக் காகிதம் சொல்லவில்லை. எனக்குக் காகிதம் வேண்டாம். தேயிலைக்குள் இறங்கி நின்ற அந்த முதுகை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள்மேல் கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். பெற்ற தாயிடம் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டு, என்னை அந்த இலையில் உட்கார வைத்தீர்களே. ஒரு நாளாவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் திட்டியிருப்பேன், நீங்களும் திட்டியிருப்பீர்கள், அத்தோடு போயிருக்கும். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

நேற்று கலா போன் செய்தாள். "மாமா, நானும் அப்பாவோட அப்பிச்சி பேருல பட்டாள ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருந்தேனுங்க. கவர் வந்துருச்சு. இன்னும் பிரிக்கல. வெள்ளிக்கிழமை படையல்ல வெச்சு, எல்லாரும் இருக்கறப்ப நீங்கதான் பிரிச்சுப் படிக்கோணும். அப்பா இல்லாத மொத வருசமுங்க."

அந்தக் கவருக்குள்ளும் இதே பக்கம் இருக்கும். அதில் உங்கள் சீட்டு இருக்காது. உங்கள் தங்கைகள் வருவார்கள். மெடல் கதையைப் பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருக்கும் என் பேத்தியும் என்னோடு வருவாள்.

இன்றைக்கே போய், "குடு கண்ணு, வரிசைப்படுத்திக் கொண்டாறேன்" என்றால் கலா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பாள். ஒரே ஒரு தாள்தான். நேற்றிலிருந்து நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டு தடவை செருப்பைக்கூட மாட்டிவிட்டேன்.

ஆனால் நீங்கள் மறைத்தது எனக்காக. நான் மறைத்தால் அதுவும் எனக்காகத்தான். அந்த வித்தியாசம்தான் இரண்டு தடவையும் என்னைப் படியிலேயே நிறுத்திவிட்டது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு தாள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு என்னோடு எப்படிச் சிநேகமாக இருந்தீர்கள் என்பதுதான் தாங்க முடியாத பாரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வருவேன். பந்திக்கு முன்பே கவரைப் பிரித்துவிடுவேன். இரண்டு பேர் சொன்னதையும் படிப்பேன், உங்கள் அப்பிச்சி சொன்னதை முதலில். படித்து முடித்தபின், அந்த வீட்டில் எனக்கு இலை உண்டா இல்லையா என்பதைக் கலா சொல்லட்டும்.