எண்பத்து நான்கு மாத்திரைகள்

நாள் 205, வெள்ளி. 09:10
வடகாடு மான் நிலையம். எழுதுபவள் செண்பகவல்லி, கால்நடை ஆய்வாளர். இங்கே நான் ஒருத்திதான். வெளியே நான்கு டிகிரி. பூமியிலிருந்து கொண்டுவந்த மான்கள் 61, எல்லாம் நலம். அவற்றின் தோலில் டிக்கெட் இல்லாமல் வந்துசேர்ந்த உண்ணிகளும் நலம். வெள்ளிக்கிழமை வழக்கப்படி மருந்துப் பெட்டியைத் திறந்து எண்ணி, வானொலியில் வாய்விட்டுச் சொன்னேன்: டாக்ஸிசைக்ளின் 84. இரண்டு மணி நேரத்தில் தாய்க்கப்பலிலிருந்து டாக்டர் ஜெபராஜ் அதைத் திருப்பிச் சொல்வார். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. இந்த வாய்ச்சொல்தான் பூட்டு.

நாள் 208. 16:40
உண்ணி கடித்து எனக்கு லைம் நோய் வந்தது. மூன்று வாரம் அதே டாக்ஸிசைக்ளின் மாத்திரை விழுங்கி முடித்து இரண்டு மாதமாகிறது. முழங்கால் வலி போகவில்லை. எழுதும்போதே வார்த்தை மறந்துபோகிறது. கிருமி இன்னும் சாகவில்லை என்று சொல்லி இன்னொரு சுற்று மருந்து கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரின் பதில்:

"இங்க பாருங்கம்மா, கிருமி செத்துப்போச்சு. வலி நெசம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னும் மருந்து தின்னா வயிறுதான் கெடும், வலி போகாது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மெல்ல சரியாயிரும்."

பொறுக்கவேண்டிய முழங்கால் அவருடையது இல்லையே. இன்று முதல் பெட்டியிலிருந்து நாளுக்கு இரண்டு. அவருக்குச் சொல்லவில்லை.

நாள் 226, வெள்ளி. 09:15
இன்றோடு 38 மாத்திரை. முதல் வாரம் தேவலை போலிருந்தது. இப்போது வலி பழையபடி, கூடவே வயிற்றுப்போக்கு. விட மனமில்லை, இன்னும் நாலு நாளில் கேட்குமோ என்று நப்பாசை. வானொலியில் 84 என்றேன். குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நாள் 247, வெள்ளி. 11:30
தென்காடு நிலையத்திலிருந்து உதவிக்கு வந்த மைதீன் இரண்டு வாரமாக எனக்குப் பதில் மான் பிடிக்கிறார். இன்று அவர் முதுகில் சிவப்பு வளையம், நடுவே உண்ணி கடித்த புள்ளி. லைம் நோய்தான், சந்தேகமே இல்லை. பெட்டியில் மிச்சம் ஆறு. டாக்டர்:

"ஆரம்பத்துலயே பாத்தது நல்லதாப் போச்சு. 84 இருக்குல்லா, மூணு வாரம் குடுங்க, முழுசாக் குணமாயிரும். மருந்து இல்லைன்னாதான் கஷ்டம், ராக்கெட்ல அனுப்பினா பன்னெண்டு நாளாகும்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி டாக்டர்" என்று வந்தது.

நாள் 250. 07:50
ஆறும் தீர்ந்தது. இன்று முதல் அவருக்குச் சத்து மாத்திரை. நிறம் மாறியிருக்கிறதே என்று கேட்டார். வேறு கம்பெனி என்றேன். நன்றி சொல்லி விழுங்கினார். நான் மனுஷியே இல்லை.

நாள் 268, வெள்ளி. 09:20
மூன்று வாரம் முடிந்தது. மாத்திரையை நிறுத்தியபின் என் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் சொன்னதுதான் சரி. மைதீன் நாலு படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். நாடி 41. டாக்டரிடம் நாடியைச் சொன்னேன். மருந்து மிச்சம் 42 என்றும் சொன்னேன்.

நாள் 269. 11:05
மயங்கி விழுந்தார். நாடி 34. டாக்டர் அனுப்பியது, சொல்லுக்குச் சொல்:

"மூணு வாரம் முழுசாக் குடுத்தும் இதயம் வரைக்கும் போயிருக்குன்னா, இந்தக் கிருமி மருந்துக்குக் கட்டுப்படலை. அன்னைக்கே நீங்க சொன்னீங்க, நான்தான் கேக்கலை. மன்னிச்சிருங்கம்மா. இந்த மருந்து பிரயோஜனமில்லை, யாருக்கும் குடுக்க வேண்டாம்னு எல்லா நிலையத்துக்கும் சொல்லிட்டேன்."

மூன்று முறை போட்டுக் கேட்டேன். முதல் முறை கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைக் கண்டெடுப்பவர் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

11:52
நாடி 26. எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சொன்னது போய்ச்சேர ஒரு மணி நேரம், பதில் வர ஒரு மணி நேரம். மைதீனுக்கு அவ்வளவு நேரம் இல்லை.