கூரையில் நான் அடைத்த துவாரம்

பர்ன்ஸ், ஆரிகன்
டிசம்பர் 15

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே மெய்ன் கடலோரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, இந்த வாரம் எங்களுக்கு அதுவே பெரிய செய்தி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை உட்கார்ந்து நிதானமாகப் படி. பாய்சியில் மறதி வியாதிக்காரர்கள் இல்லத்தில் அம்மாவுக்காக ஒரு அறை பிடித்து வைத்திருக்கிறாய், ஜனவரி ஒன்றுக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்றாய். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள் என்று போன வாரம் போனில் சொன்னேனே, அது பொய். ஆஸ்பத்திரி உண்மை, காய்ச்சல் பொய். நிஜத்தைச் சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம், அவசரத் தபாலில் போடுகிறேன்.

நம் வீட்டு லட்சணம் உனக்குத் தெரியும். அறுபத்து நாலில் கட்டின நீள வீடு, தாழ்ந்த கூரை, பரணில் வயிற்றால்தான் நகர முடியும். பகலில் வெறும் சட்டையோடு நிற்கலாம், சூரியன் விழுந்தால் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். புதர்க்காட்டைத் தாண்டி வருகிற காற்று சுவர்ப் பிளக் ஓட்டை வழியாகக்கூட உள்ளே வரும், நீயே தலையில் கம்பளித் தொப்பியோடு தூங்கி வளர்ந்தவள்தானே. “நாம வீட்டைச் சூடாக்கறோமா, இல்ல இந்த ஜில்லாவையே சூடாக்கறோமா டுவேன்?” என்று அம்மா வருஷா வருஷம் கேட்பாள். இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக நீ சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் கவுண்டி ரோட்டில் பனி தள்ளினவனுக்குச் சொந்த வீட்டுக் குளிரை விரட்டத் தெரியாதா? அக்டோபர் இரண்டாவது வாரம் ஆரம்பித்தேன். பரணில் குளிர் தடுக்க விரித்திருந்த பழைய கம்பளம் விரல் கனத்துக்குச் சப்பிப்போய் எலிப் புழுக்கையோடு கிடந்தது. ஹார்டுவேர் கடையில் தூள் ஊதுகிற இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவந்து, காகிதத்தூள் இன்சுலேஷனை எதிர்வீட்டு ஆர்லீன் கீழே இருந்து கொட்டிக் கொடுக்க, நான் பரணில் படுத்துக்கொண்டு ஒரு முழ உயரத்துக்கு ஊதினேன். “உள்ள மாட்டிக்கிட்டீங்கன்னா பனி உருகின பிறகுதான் எடுப்போம், இப்பவே சொல்லிட்டேன்” என்று அவள் கத்தினாள். கதவு, ஜன்னல், விளக்கு மாட்டின இடம் என்று காற்று வருகிற இண்டு இடுக்கு எல்லாவற்றையும் தேடித் தேடி அடைத்தேன். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாகப் போவேன், புகை எங்கே ஆடுகிறதோ அங்கே இடுக்கை அடைக்கிற நுரையைப் பீய்ச்சுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்து பல வருஷம் ஆகிறது.

கடைசியாக மிஞ்சினது நடையில் இருக்கிற அலமாரி அறை, வீட்டைச் சூடாக்குகிற கேஸ் உலையும் வெந்நீர்த் தொட்டியும் நிற்கிற இடம். அதன் உட்கூரையில் கம்பிவலை போட்ட ஒரு துவாரம் இருந்தது, பரணுக்குத் திறந்தது. அதன் வழியாகக் குளிர்காற்று சரசரவென்று இறங்கி, இடைவெளி விட்டுப் பலகைச் சட்டம் வைத்த கதவின் இடுக்கு வழியாக நடை முழுக்கப் பரவும். வீட்டுக்கே போர்வை போர்த்திவிட்டு இங்கே மட்டும் திறந்து வைப்பானா ஒருவன், கட்டினவன் அடிமுட்டாள் என்று திட்டிக்கொண்டே பலகை வெட்டித் துவாரத்தை அடைத்தேன், மேலே இன்சுலேஷனைக் கொட்டினேன், பழைய கதவைக் கழற்றிவிட்டு ரப்பர் விளிம்போடு கனத்த கதவு மாட்டினேன். அதே வாரம் நடைச்சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு விஷவாயு அலாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பத்து வருஷக் கிழம், ஆயுசு முடிந்தால் அப்படித்தான் கத்தும். இயந்திரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அதையும் கழற்றி, பேட்டரியைப் பிடுங்கி, டிராயரில் போட்டேன். “புதுசு ஒண்ணு வாங்கணுமே” என்றாள் அம்மா. “அடுத்த தடவை டவுனுக்குப் போறப்ப வாங்கிட்டு வரேன்” என்றேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும். அம்மாவுக்குத் தலைவலி, சோறு வேண்டாம் என்பாள், உட்கார்ந்த இடத்தில் தூங்குவாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கார்ச் சாவி மாவு டப்பாவில் கிடந்தது. சரக்கறையில் போய் நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று முழிப்பாள். நீ போன் பண்ணினபோது உன்னிடமே, பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டாளே, அன்றைக்குத்தான் நீ அழுதுகொண்டே என்னிடம், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்கப்பா, டாக்டர்கிட்ட காட்டணும் என்றாய். நீல நோட்டு ஒன்று எடுத்து அவளுக்குத் தெரியாமல் எழுத ஆரம்பித்தேன், பன்னிரண்டு பக்கம். எனக்கும் சாயங்காலம் தலை கனக்கும், ஆனால் நான் பகல் முழுக்க வெளியே பட்டறையில் இருப்பவன், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அவள்தான் நாள் முழுக்க அந்த வீட்டுக்குள். ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் விட்டதற்கு, “எத்தனை தடவைடி சொல்றது உனக்கு!” என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, “எனக்குப் புத்தி கலங்குதா டுவேன்? மறைக்காம சொல்லு” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பட்டறைக்குப் போய்விட்டேன். மார்லா, என் எழுபத்து மூன்று வயதில் நான் செய்த காரியங்களில் அதற்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குப் பாய்சியில் உன் சித்தி கிளெண்டா வீட்டில் நாலு நாள் இருந்தோம். இரண்டாம் நாளே அம்மா எழுந்து வான்கோழியை அவள் கையாலே வாட்டினாள், சீட்டாட்டத்தில் எல்லாரையும் தோற்கடித்தாள், நான் போட்ட சீட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். “அக்காவுக்கு ஒண்ணும் இல்ல மாமா, உங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா யாருக்குத்தான் புத்தி மழுங்காது” என்று கிளெண்டா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர் திரும்பின மூன்றாம் நாள் அம்மா மறுபடி பழையபடி. என்னோடு இருந்தால்தான் இவளுக்கு இப்படி ஆகிறது என்று நினைத்தேன். பாய்சி இல்லத்துக்குச் சரி என்று உன்னிடம் சொன்னது அன்றைக்குத்தான். நினைத்தது சரிதான், காரணம்தான் தெரியவில்லை.

டிசம்பர் எட்டாம் தேதி மிரென் வந்தாள், பழைய பள்ளிக்கூட பஸ் டிரைவர் உரியார்ட்டேயின் பேத்தி. வீடுகளில் சூடு எங்கே கசிகிறது என்று வாசலில் பெரிய மின்விசிறியை மாட்டிச் சோதிக்கிற வேலை அவளுக்கு. நான்தான் கூப்பிட்டேன், வேறு எதற்கு, பெருமை அடித்துக்கொள்ள. “என்ன டுவேன், வீட்டை ஊறுகாய் ஜாடி மாதிரி இறுக்கிட்டீங்களாமே, ஆர்லீன் ஊரெல்லாம் சொல்றாங்க” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். நடையில் இரண்டு எட்டு வைத்திருப்பாள், அவள் பையில் மாட்டியிருந்த சின்னக் கருவி அலறியது. அவள் அதைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. “வெர்னா எங்க?” என்றாள். தூங்கறா, இப்பல்லாம் எந்நேரமும் தூக்கம்தான் என்றேன். “எழுப்புங்க. ரெண்டு பேரும் வெளிய போங்க. கோட்டெல்லாம் அப்புறம்” என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கதவைச் சாத்தும்மா, சூடு போகுது.” அதைத்தான் சொன்னேன். “போய்த் தொலையட்டும்!” என்று அவள் என் மேல் கத்தினாள்.

அம்மா நாற்காலியில் சாய்ந்திருந்தாள், கன்னம் சிவந்து நல்ல தேகசுகத்தோடு இருப்பவள் மாதிரி. தோளைப் பிடித்து உலுக்கினேன், தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் வைத்தோம். ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்றால் பதினைந்து மைல், காத்திருக்கவில்லை, மிரெனின் வண்டிக்கு அவளைத் தூக்கினோம். அந்தக் குளிரில் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக வரும் அல்லவா, அது வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. அப்புறம் வரவில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடி வந்தது. டவுன் போய்ச் சேருகிறவரை அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள். அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “ஏன் இப்படி சட்டையோட நிக்கறே, கோட்டு எங்க?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, நர்ஸ் பெண் முன்னாலேயே அழுதேன். மறுநாள் மிரென் பரணுக்குள் போய் அந்தப் பலகையைப் பெயர்த்து எடுத்து, ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். “வீட்டுக்குப் போர்வை போட்டதுல தப்பில்ல டுவேன், நல்லாவே போட்டிருக்கீங்க. ஆனா இந்தத் துவாரம் நெருப்பு மூச்சு விடறதுக்கு வச்சது. நீங்க அதோட மூக்கைப் பொத்திட்டீங்க. புகைபோக்கியில மேல போகவேண்டியது எல்லாம் வீட்டுக்குள்ள திரும்பிடுச்சு” என்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஊருக்கெல்லாம் குறி சொல்கிற பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இடுக்கை அடையுங்கள் என்று உபதேசம் செய்தவன் நான்.

அப்படியானால் இது மறதி வியாதியே இல்லையா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். “ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா விஷத்தை மூச்சுல எடுத்திருக்காங்க. இதுல எது விஷம், எது வயசுன்னு இப்ப பிரிக்க முடியாது. மார்ச்சுல மறுபடி சோதிப்போம். சிலது திரும்பி வரும், சிலது வராமயும் போகலாம், மனசைத் தயார் பண்ணிக்குங்க” என்றார். அதனால் உனக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். சில காலை அவள் பழைய வெர்னா, சில மதியம் சொல் கிடைக்காமல் தடவுகிறாள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் பரீட்சை பேப்பர் மாதிரி பார்க்கிறேன், அது அவளுக்கும் தெரிகிறது, அதனாலேயே இன்னும் தடுமாறுகிறாள். மார்ச் வரை எப்படி இருக்கப் போகிறோமோ தெரியவில்லை. துவாரத்தைத் திறந்தாயிற்று, பழைய கதவை மாட்டியாயிற்று, உலையை ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுப் போனான், புது அலாரம் மூன்று. இருந்தும் உலை பற்றிக்கொள்கிற சத்தம் கேட்டால் என் கை தானாக ஜன்னலைத் திறக்கப் போகிறது.

நீல நோட்டைப் பற்றி ஒன்று. டாக்டரம்மாவிடம் காட்ட எடுத்துப் போனவன் கட்டில் மேலேயே மறந்து வைத்துவிட்டேன். காப்பி வாங்கிக்கொண்டு திரும்பினபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தாள். உப்பு, சாவி, அடுப்பு, பள்ளிக்கூடம், எல்லாம் என் கையெழுத்தில். நான் செத்தேன் என்று நின்றேன். அவள் நர்ஸிடம் பேனா கேட்டு வாங்கி என்னமோ எழுதினாள், மூடி என்னிடம் நீட்டினாள், காப்பி ஆறிப் போச்சு என்றாள். திறக்கத் தைரியம் வராமல் ஐந்து நாள் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்றுத்தான் பார்த்தேன். முதல் பக்கத்தில், என்னுடைய முதல் குறிப்புக்கும் மேலே, காலியாக இருந்த இடத்தில் எழுதியிருக்கிறாள். “அக்டோபர் 14, செவ்வாய். டுவேன் அலாரத்தைக் கழற்றினான். புதுசு வாங்கிட்டு வரேன்னான். மறந்துட்டான்.”

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குத்தானே அலாரத்தைக் கழற்றினேன், அந்த வாடகைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன் மார்லா. தேதி சரி. கிழமையும் சரி.

கடவுள் உங்கள் நாலு பேரையும் காப்பாற்றட்டும். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எழுந்து போய் உன் வீட்டு அலாரத்தை அழுத்திப் பார், கத்துகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் என்மேல் கோபப்படு. கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாருங்கள், வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது, நடையில் மட்டும் கொஞ்சம் குளிரும், பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை கொண்டு வா. கையெழுத்துப் போடாதே.

உன் அப்பா,
டுவேன்