முப்பத்தொரு பெருவிரல்கள்

3.3.2003, திங்கள்

இன்று என் பத்தாம் வகுப்பை யாழ்ப்பாணக் கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஓர் அம்மணி பிடித்துக்கொண்டார். மாணவர் தம்மிலும் பிறரிலும் உள்ள தனித்தன்மையை மதிக்கப் பழகுவதற்கு அரைநாள் பயிற்சியாம். ஆளுக்கொரு காகிதப் பூ. தன்னிடம் மட்டும் உள்ளது என்ன என்று அதில் எழுதவேண்டும். கரும்பலகையில் உதாரணமும் போட்டார்: 'நான் அன்பானவள்.'

முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் அன்பானவள். அதில் ஒன்பது பேர் மீசை அரும்பிய பெடியங்கள். அம்மணி கைதட்டினார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் மூன்று வருஷம் இயந்திரம் படித்தது இதைப் பார்க்கவா? ஒரே நாளில் வாங்கிய இரண்டு வள்ள எஞ்சின்கூட ஒரே மாதிரி ஸ்ரார்ட் ஆகாது. இதைச் சொல்லப் பூ வேண்டுமா?

அதிபர் சில்வெஸ்ரர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "நிமலன், சம்பளமில்லாத் தொண்டராசிரியராவே கிழடாகப் போறீரோ? வாயைப் பொத்தும். மாத முடிவிலை கண்காட்சி. உம்மட வகுப்பும் ஏதாவது குடுக்கவேணும்."

5.3.2003

குடுத்தேன். இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

அதிபரின் கந்தோரிலிருந்து முத்திரை மைப்பெட்டி, ஒரு பிறிஸ்ரல் போட் மட்டை, என் பூதக்கண்ணாடி. பெயர், பக்கத்தில் வலது பெருவிரல். ஒன்றுபோல் இன்னொன்று இருந்தால் காட்டு என்றேன். முதல்முறையாக வகுப்பு எதையோ உற்றுப் பார்த்தது.

"சேர், றெக்ஷன்ர விரல் சுட்ட நண்டு மாதிரிக் கிடக்கு!"

"உன்ர மட்டும் திறமோ? வந்து பார், புழு நெளியுது."

அன்ரனிட்டா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "ஏலாது சேர்." கை நோகுதோ என்றேன். இல்லையாம். ஒரு விரல் வைக்க இவ்வளவு நாடகம். கையைப் பிடித்து நானே அழுத்திவிட்டேன். முப்பத்தொன்று. முடிந்தது.

6.3.2003

ஒன்பது பேர்தான் வந்தார்கள். மையில் நஞ்சோ? மடைச்சனங்கள்.

7.3.2003

பள்ளிக்கூட வாசலில் அன்ரனிட்டாவின் தாய் மேரிஜோசப்பின். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"மாஸ்ரர், அந்த மட்டையைத் தாரும்."

"அக்கா, அது சும்மா ஒரு பாடம்."

"என்ர மூத்தவனையும் ஆமிக்காரர் சும்மா ஒரு பதிவு எண்டுதான் கூப்பிட்டவை. தொண்ணூற்றேழிலை. விரலை வைச்சிட்டுப் போகலாம் எண்டவை. வைச்சவன். ஆறு வருஷமா வழி பாத்துக்கொண்டிருக்கிறன். இவளும் அப்ப என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்."

நான் – என்ன சொன்னேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது – "இது கண்காட்சிக்கு, அக்கா" என்றேன்.

"ஆர் பாக்கிறதுக்குத் தம்பி?"

பிள்ளையை இனி அனுப்பமாட்டாளாம்.

8.3.2003

ஏலாது என்றவளின் கையைப் பிடித்து அழுத்தினேன். தனித்தன்மை படிப்பித்தேனாம்.

10.3.2003

அதிபர் சந்தோஷத்தில் குதிக்கிறார். "அம்மணி போன் எடுத்தவ. கைரேகை யோசனை அந்தமாதிரியாம், நல்லாப் பிடிச்சிட்டுதாம். நடுவிலை வைக்கப் போகினமாம். நிரந்தர நியமனத்துக்கு உமக்குக் கடிதமும் தருவா."

பிளேட் எடுத்து அவர் மேசையிலேயே மட்டையை முப்பத்தொரு துண்டாக வெட்டினேன்.

"உமக்கென்ன விசரோ?"

ஓம். ஐந்தாம் திகதி பிடித்தது.

வந்த ஒன்பது பேருக்கும் கையில் கொடுத்தேன். மற்ற இருபத்திரண்டும் சைக்கிளில். சிலர் அடுப்பில் போட்டார்கள். ஒரு தகப்பன் வாங்கி மகனின் செபப்புத்தகத்துக்குள் வைத்தார். கடைசி வீடு அன்ரனிட்டாவுடையது. தாய் கதிரை போடவில்லை. குசினி வாசலில் நின்றபடி மகள் துண்டை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"கையைப் பிடிச்சது பிழை, பிள்ளை" என்றேன். இப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்ததாக நினைவில்லை.

அவள் கேட்டாள்: "எல்லாற்றையும் எடுத்தனீங்கள். சேர்ன்ர விரல் எங்கை?"

வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று தோன்றவேயில்லை.

11.3.2003

வகுப்புக்கு முன் நின்று வெள்ளைத்தாளில் என் பெருவிரலை வைத்தேன். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் எழுதினேன். பதினேழு பேர் பார்த்தார்கள். எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நின்றதை நானே பார்த்தேன்.

பின்னேரம் போய் அன்ரனிட்டாவிடம் கொடுத்தேன். தாய் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இலக்கமும் போட்டிருக்கிறீர்" என்றாள்.

17.3.2003

அன்ரனிட்டா வந்தாள். பின்வாங்கில் இருந்து என் தாளை விரித்துப் பூதக்கண்ணாடி கேட்டாள்.

"சேர், உங்கட விரலுக்குக் குறுக்கை ஒரு வெட்டு."

"இரும்பறுக்கிற வாள் வெட்டினது. கல்லூரியிலை முதலாம் வருஷம். அவசரம்."

"இப்பவும் அப்பிடித்தானே" என்றாள். வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும்.

28.3.2003

காகிதப் பூக்கள் கண்காட்சிக்குப் போயின. இருபத்தாறு அன்பானவளுக்கும் முதற்பரிசாம். எனக்குக் கடிதம் இல்லை.

என் தாள் இன்னும் அன்ரனிட்டாவிடம்தான். திருப்பிக் கேட்கவில்லை.