நீர் வேண்டாமென்ற சோலைவரி

என் பருத்திச் சேலையில் இன்னும் கற்பூர மணம் போகவில்லை. இரண்டு தரம் தோய்த்து, பின்வளவுக் கொடியில் நல்ல வெயிலில் காயப் போட்டேன். எடுத்து மடிக்கும்போது லேசாக வரத்தான் செய்கிறது. உமக்கு இது பிடிக்காது, சிநேகிதி. வகுப்பறைக்குள் கற்பூரம் கொளுத்தக் கூடாது என்று ஒவ்வொரு விஜயதசமிக்கும் சொல்லிக்கொண்டே இருந்தீர். நீர் இல்லாத முதல் விஜயதசமியிலேயே கொளுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வழமைபோல ஏடு தொடக்கல். மூன்று வயதுக் குஞ்சுகளை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய பச்சரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதுவிக்கிற நாள். நீர் இருந்த காலம் முழுக்கச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பற்றரி விளக்குத்தான் எரிந்தது. ஹரிஸ் பார்க் இந்தியக் கடைகளில் நீரே தேடி வாங்கியது. யாராவது முகம் சுளித்தால், "சாமிக்குக் கண் தெரியும். அலாரத்துக்குத்தான் கண் தெரியாது" என்பீர். இந்த முறை புதிய தலைவர், நல்ல பிள்ளை, கணினி வேலை செய்கிறவர், "ஒரு சின்னக் கட்டிதானே அன்ரி, முறைப்படி செய்வம்" என்று கொளுத்தினார். தட்டை உயர்த்திக் காட்டினார். அது நேரே கூரையிலிருந்த புகை அலாரத்துக்குத்தான் தீபாராதனையாகப் போனது.

அது கத்திய கத்தலில் எல்லோரும் மைதானத்துக்கு ஓடினோம். தீயணைப்பு வண்டி வந்தது. பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உண்மையான திருவிழா. பாதி எழுத்தில் எழும்பி வந்த ஒரு சின்னப் பெட்டையை, விரலில் ஒட்டிய அரிசியோடு, அவளின் தாய் நீளம் பாய்கிற மணற்கிடங்கில் இருத்தி மிச்சத்தை எழுதுவித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நீர் போனதிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி. கடித்தாலும் தெரியாது. செத்த வீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லி விடைபெறக் கூடாதென்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் உம்முடைய வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில், சத்தமாகவே சொன்னேன். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உம்முடைய மகள் மட்டும், "ஓம் அன்ரி, வாங்கோ" என்றாள். அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை.

கற்பூரம் கொளுத்திய அடுத்த கிழமை, சனிக்கிழமைகளில் எங்களுக்கு வகுப்பறை தருகிற பாடசாலையிலிருந்து அறிவித்தல் வந்தது. வருகிற ஆண்டிலிருந்து வாரவிடுமுறையில் வகுப்பறை தர வசதியில்லையாம். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களின் பிள்ளைகளே தகரக் கொட்டில் வகுப்புகளில் நெருங்கி இருந்து படிக்கிறார்கள்.

எத்தனை கவனமாக இருந்தோம் நாங்கள். காலையில் கதவைத் திறந்ததும் மேசை கதிரைகளைப் போனில் படம் பிடிப்பீர். பிள்ளைகள் போனபின் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, கதிரைகளைப் பழையபடி வைப்போம். யாரோ ஒரு பிள்ளையின் களிமண் ஆமை தலையை யன்னல் பக்கம் வைத்திருந்தால், நாங்கள் போகும்போதும் அது யன்னலைத்தான் பார்க்க வேண்டும். "திங்கட்கிழமை வாற ரீச்சருக்கு நாங்கள் வந்து போனதே தெரியப்படாது" என்பது உம்முடைய சட்டம். வந்த தடமே தெரியாமல் இருந்ததில் உமக்குப் பெரிய பெருமை. எனக்கு அதில் எப்போதும் சின்ன மனத்தாங்கல் இருந்தது.

இந்த நேரம் பார்த்து நகரசபை பழைய கேள்வியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர்கள் கட்டுகிற சோலைவரியைக் கூட்டினால், பாடசாலைக்குப் பக்கத்து வெறுங்காணியில் புதுக் கட்டடம் எழுப்பலாம். கிழமை நாட்களில் பாலர் வகுப்பும் வீட்டுப்பாட அறையும். வாரவிடுமுறையில் எங்களைப் போன்ற மொழிப் பள்ளிகளுக்கு நிரந்தர இடம், சொந்த அலுமாரியோடு. ஆதரிக்கிறீர்களா, இல்லையா? போன வருஷம் கேட்ட அதே கேள்வி. உம்முடைய எதிர்ப்பால் தள்ளிப்போனதும் அதுதான்.

அந்தக் கூட்டம் உமக்கு மறந்திருக்காது. பாடசாலை மண்டபம், மடிப்புக் கதிரைகள், முன்வரிசை முழுக்க எங்கள் தமிழ்ப் பெற்றோர். அவர்கள் எல்லோரும் நீர் எழும்பி ஆதரித்துப் பேசுவீர் என்று காத்திருந்தார்கள். உம்மைவிட அந்த அறைகளை ஆசைப்பட்டவர் யார்? நீர் எழும்பினீர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உம்முடைய தபால் கந்தோர் இங்கிலீஸில், வேண்டாம் என்றீர். எங்கள் தெருவில் பென்சனில் சீவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வீடு மட்டும்தான் அவர்களின் சொத்து, வரியைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் அவர்களைக் கிளப்பிவிடப் போகிறீர்களா என்று கேட்டீர். பாடசாலை கட்டுவது மாநில அரசின் வேலை, அதை அங்கே போய்க் கேளுங்கள் என்றும் சொன்னீர். வேறு பலரும் உமக்குப் பின்னால் எழும்பினார்கள். முன்வரிசையில் ஒருவரும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஸ்ரேசனடியில் கேட்டேன்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீர்? உமக்கு சுப்பர் சேமிப்புக் காசு இருக்கு. உமக்கென்ன கஷ்டம்?"

"ஆரோ சொல்லத்தானே வேணும். நீர் சொல்லமாட்டீர்."

"நான் உம்மை வக்கீல் பிடிச்சனானோ?"

"பீஸ் தரவேண்டாம். பேசாமல் நடவும்."

அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் தபால் பிரித்தவர்கள். என் சம்பளமும் என் பென்சனும் உமக்குப் பாடம். அதன் பிறகு மாதக்கணக்கில் சில தாய்மார் உம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தமிழுக்கு எதிரி என்றுகூட ஒருத்தி சொன்னதாகக் கேள்வி. நீர் எப்போதும்போல வெள்ளெனப் போய்க் கதவைத் திறந்தீர், படம் பிடித்தீர். இவளுக்காகத்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை வெளியில் விடவில்லை. எனக்கு அது அப்போதே பெரிய பாரமாக இருந்தது.

இப்போது அந்தக் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது. ஓம் என்றால் நீர் கெட்ட பெயர் கேட்டு எனக்குக் கட்டித் தந்த வேலியை நானே பிடுங்கி எறிகிற மாதிரி. இல்லை என்றால் தமிழ்ப் பள்ளிக்கூடம் தெருவில். பல நாட்கள் ஒரு பக்கமும் சாயாமல் சும்மா இருந்தேன். யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தேத்தண்ணி ஆறிப்போக விட்டுக்கொண்டு இருந்தேன்.

உம்முடைய மகள் வீட்டை ஒதுக்க வந்திருந்தாள். ஓம் என்று போட்டால் என்ன என்று அவளிடம் கேட்டேன்.

"அம்மா இருந்தா உங்களை விடமாட்டா அன்ரி. ஷீ வுட் பி ஃபியூரியஸ்."

"தெரியும் பிள்ளை."

"அப்ப நோ எண்டு போடுங்கோவன்."

"கொம்மா நோ எண்டது எனக்காக. எனக்காக நானே நோ எண்டா அது வேற மாதிரியெல்லே இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. நீர் சொல்லும்போது அது சிநேகிதம். நான் சொன்னால் அது வெறும் பயம். அந்த மணற்கிடங்குப் பெட்டையும் அப்போதுதான், பிந்தி, என் கண்ணுக்குள் வந்து இருந்தாள். நாங்கள் சொந்தக் கூரையில்லாமல் எங்கே என்றாலும் எழுதுவித்துக்கொள்வோம் என்பதில் எனக்குப் பெருமை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நீர் போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூட்டம். அதே மண்டபம். நான் எழும்பினேன். முன்கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். என் இங்கிலீஸ் உமக்குத் தெரியும், அது பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும். நான் பென்சன்காரி என்றேன். போன வருஷம் என் சிநேகிதி இங்கே சொன்னது என்னைப் பற்றித்தான், அவ சொன்னது உண்மை, இந்த வரி எனக்குக் கஷ்டம் என்றேன். முன்வரிசையில் இரண்டு தாய்மார் தலை குனிந்தார்கள். அது எனக்குத் திருப்தியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு, ஆனாலும் நான் ஆதரிக்கிறேன் என்றேன். பென்சனில் இருக்கிறவர்களுக்குக் கூட்டின வரியை இப்போது கேட்காதீர்கள், எங்கள் காலத்துக்குப் பிறகு வீடு விற்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள், அதை முதலில் எழுத்தில் தாருங்கள் என்றும் சொன்னேன். மேசையில் இருந்த நகரசபைப் பெண் அதைக் குறித்துக்கொண்டாள். தருவார்களோ தெரியாது. முடிவு இன்னும் வரவில்லை. தராவிட்டாலும் நான் ஆதரித்தது ஆதரித்ததுதான்.

கூட்டம் முடிந்து தனியாக நடந்து வந்தேன். ஸ்ரேசனடியில் பச்சை விளக்கு விழுந்தும் நான் கடக்கவில்லை. நீர் என்னைப் பேசுகிற இடம் அது. "விசரி, ஆரைக் கேட்டு எழும்பினீர்? வீட்டை வித்துப்போட்டு என்ர கராஜுக்குள்ள வந்திருக்கப் போறீரோ?" என்று நீர் கேட்பீர். நான் ஏதாவது சொல்வேன். நீர் இன்னும் பலமாகச் சொல்வீர். எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் அது போகும்.

நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நீர் ஒத்துக்கொள்ள மாட்டீர். அதனால் கடைக்குப் போகும்போதும் உடுப்புக் காயப் போடும்போதும் உம்முடைய பக்கத்தையும் நானே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. நேர்மையாகத்தான் பேசுகிறேன். அநேகமான நாட்களில் நீர்தான் வெல்கிறீர்.